பட்டுச்சா? கையைத் தூக்கு!

“ஏல, பட்டுட்டுல்லா! வெளிய வாலே!”

“எங்கலே பட்டுச்சு? சட்டையில ஒரசிட்டுல்லா போச்சு!”

தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை என்றில்லை, இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் பிள்ளைகள் ரப்பர் பந்தை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடினாலும் இந்தச் சண்டை வராமல் இருக்காது. நடுவர் என்று யாரும் கிடையாது. பந்து பட்டதா இல்லையா என்பது எறிந்தவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும்; பட்டவனுக்கு முதுகு சுள்ளென்று சொல்லிவிடும். அவன் ஒத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆட்டம் ஓடும். மழுப்பினால் ‘அழுகுணி ஆட்டம்’ என்று பட்டம் கிடைக்கும். மறுநாள் அவன் வந்து நின்றால், “ஆள் நெறஞ்சு போச்சுல” என்று சொல்லிவிடுவார்கள்.

இதே சண்டை இப்போது காசு கட்டி விளையாடும் பெரியவர்களின் மைதானத்துக்கு வந்திருக்கிறது. முகத்தை மூடிய கவசம், கையில் துப்பாக்கி போன்ற ஒரு கருவி, மறைந்துகொள்ளப் பழைய டயர் அடுக்குகள், தகர டிரம்கள், மணல் மூட்டைகள். எதிரணிக்காரர் மேல் சாயக் குண்டு தெறித்தால் அவர் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். பெயின்ட்பால். பெங்களூர், குடகு, சென்னையின் சுற்றுப்புறம் என்று பரவிய இந்த விளையாட்டை இன்று கல்லூரி மாணவர்களும் ஐ.டி. நிறுவனக் குழுக்களும் வார இறுதிப் பொழுதுபோக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் இளைஞர்களை அதிகம் இழுப்பது ராணுவ பாணி ஆட்டம். படைப்பிரிவு, தளபதி, கைப்பற்ற வேண்டிய பாலம், காப்பாற்ற வேண்டிய பணயக் கைதி என்று ஒரு போர்க் கதையையே மைதானத்தில் நடத்துவார்கள்.

போர் போலவே இருக்க வேண்டும், ஆனால் யாருக்கும் காயம் படக் கூடாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சாத்தியமாக்குவது விதிகள்தான். அந்த விதிகளில் பாதிக்கு மேல் நடுவரால் காவல் காக்க முடியாதவை. ஆடுகிறவரின் நேர்மைதான் அங்கே நடுவர்.

மரத்துக்குப் பூசிய சாயம்

பெயின்ட்பால் கருவி மனிதர்களைச் சுடுவதற்காகப் பிறந்ததல்ல. வெட்ட வேண்டிய மரங்களைக் காட்டில் தூரத்தில் நின்றே அடையாளமிடவும், மந்தையில் குறிப்பிட்ட மாடுகளுக்குச் சாயக் குறி வைக்கவும் அமெரிக்காவில் 1970-களில் விற்பனைக்கு வந்தது. ‘நெல்சன்’ என்ற பெயின்ட் கம்பெனி விற்ற ‘நெல்-ஸ்பாட் 007’ அவற்றில் புகழ்பெற்றது. இன்றும் ஆட்டக்காரர்கள் இந்தக் கருவியை ‘கன்’ என்பதைவிட ‘மார்க்கர்’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். குறி வைக்கும் கருவி, அவ்வளவே.

அதை விளையாட்டாக்கியது ஒரு வாய்த்தகராறு. நகரத்தில் பங்குச்சந்தையில் பிழைப்பவனின் சாமர்த்தியம் காட்டில் எடுபடுமா, அல்லது காட்டிலேயே வளர்ந்தவன்தான் ஜெயிப்பானா என்று ஹேய்ஸ் நோயல் என்ற பங்குத் தரகரும் சார்லஸ் கெய்ன்ஸ் என்ற எழுத்தாளரும் விவாதித்தார்கள். பாப் கர்ன்சி என்ற மூன்றாவது நண்பர் விதிகளை வகுத்தார். 1981 ஜூன் 27-ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹென்னிக்கர் என்ற ஊரையொட்டிய காட்டில் 12 பேர் மார்க்கருடன் இறங்கினார்கள். காட்டுக்குள் வெவ்வேறு இடங்களில் இருக்கும் கொடிகளைச் சேகரித்துக்கொண்டு, சாயம் படாமல் வெளியே வர வேண்டும்.

ஜெயித்தவர் ரிச்சி வைட் என்ற காட்டுத் தொழிலாளி. அவர் அன்று ஒரு குண்டுகூடச் சுடவில்லை. யார் கண்ணிலும் படாமல் மரத்துக்கு மரம் நகர்ந்து, கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நிறையச் சுடுவதுதான் வீரம் என்று நினைத்துக்கொண்டு மைதானத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்ல வேண்டிய கதை இது.

உள்ளங்கையில் ஒரு குண்டு

ஒரு பெயின்ட் குண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோலிக்குண்டைவிடச் சற்றே பெரியது, 0.68 அங்குல விட்டம், ஏறக்குறைய 3 கிராம் எடை. வெளித்தோல் ஜெலட்டின், மருந்துக் கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரையின் அதே மாதிரி உறை. உள்ளே இருப்பது தண்ணீரில் கழுவினால் போய்விடும் நிறக்குழம்பு. ஆரம்ப காலத்தில் எண்ணெய்ச் சாயம்தான் இருந்தது. ஆட்டம் முடிந்தால் டர்பன்டைன் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது.

இந்தச் சின்ன உருண்டை வினாடிக்கு 300 அடி வேகத்தில் பாய்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். உலகின் பல மைதானங்களில் உச்சவரம்பு இதுதான்; பல இடங்களில் 280 அடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் இன்னும் கண்டிப்பு: மார்க்கரின் ஆற்றல் 7.5 ஜூலைத் தாண்டக் கூடாது, விளையாட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 300 அடி வேகத்தில் வரும் 3 கிராம் குண்டின் ஆற்றல் 12 ஜூலுக்கு மேல் என்பதை வைத்துப் பார்த்தால் அந்தக் கண்டிப்பின் அளவு புரியும். 2009 மார்ச்சில் அந்நாட்டின் வின்னென்டன் நகரப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, பெயின்ட்பாலையே தடை செய்யலாமா என்று ஆளும் கூட்டணி யோசித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த யோசனை மே மாதத்திலேயே கைவிடப்பட்டது. ஒழுங்கு குலைந்தால் இந்த விளையாட்டு எவ்வளவு சீக்கிரம் சந்தேகத்தின் நிழலில் வந்து நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

வேகத்தை அளக்கும் கருவிக்கு ‘குரோனோ’ என்று பெயர். மார்க்கரை அதன் முன் வைத்துச் சுட்டால் வேகம் எண்ணில் தெரியும். காலையில் ஒருமுறை அளந்தால் போதும் என்று சில இடங்களில் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது பெரிய தப்பு. கார்பன்-டை-ஆக்சைடு சிலிண்டரில் ஓடும் மார்க்கரில் வெப்பம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். 20 டிகிரியில் சுமார் 57 பார் இருக்கும் அழுத்தம் 30 டிகிரியில் சுமார் 72 பார் ஆகிவிடும். காலை ஏழு மணிக்கு 280 அடி காட்டிய மார்க்கர், சித்திரை வெயிலில் நண்பகலில் வரம்பைத் தாண்டிப் பாயக்கூடும். ஆடுகிறவர் வேண்டுமென்றே செய்த குற்றமல்ல. ஆனால் எதிரில் இருப்பவரின் கழுத்தில் படும்போது அந்த வித்தியாசம் தெரியாது. ஆகவே மதியம் மறுபடி அளக்க வேண்டும். சிலிண்டரை வெயிலில் காரின் பின்பக்கம் போட்டு வைப்பதும் கூடாது. வால்விலும் கவனம் வேண்டும்: அது கழன்று சிலிண்டர் பாய்ந்ததில் உயிர்கள் போனதையடுத்து 2004-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பகிரங்கமாக எச்சரித்தது.

எது ‘பட்டது’?

குண்டு உடலில் பட்டு உடைந்து, பழைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுக்குச் சாயம் ஒட்டினால் ஆட்டக்காரர் அவுட். பட்டுத் தெறித்து உடையாமல் போனால் கணக்கில்லை. பக்கத்து மரத்தில் உடைந்து சிதறிய துளிகள் சட்டையில் தெறித்தாலும் கணக்கில்லை. மார்க்கர் மேல் பட்டால்? பெரும்பாலான மைதானங்களில் அதுவும் அவுட்தான். பட்டவர் ‘ஹிட்’ என்று உரக்கச் சொல்லி, மார்க்கரையோ கையையோ தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். முதுகில் பட்டு, தனக்கே தெரியவில்லை என்றால் நடுவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

சாயத்தைத் துடைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வது இந்த விளையாட்டின் மகாபாவம். ஒரு கணம் குனிந்து, தொடையில் விழுந்த மஞ்சள் சாயத்தைக் கையால் வழித்துப் புல்லில் தேய்த்துவிட்டால் யாருக்கும் தெரியாது. போட்டி ஆட்டங்களில் இப்படித் துடைத்து மாட்டிக்கொண்டால் அவரோடு சேர்த்து அணியில் இன்னும் சிலரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒருவர் செய்த கள்ளத்தனத்துக்குக் கூட இருந்தவர்களும் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்ற இந்த விதி கடுமையானதுதான். ஆனால் நியாயமானது. அணியில் ஒருவன் துடைப்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பவர்களுக்கு வேறு எதுவும் உறைக்காது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். 2003 உலகக் கோப்பை அரையிறுதி, எதிரணி இலங்கை. அரவிந்த டி சில்வாவின் பந்தில் மட்டையின் விளிம்பு உரசியதை ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட் உணர்ந்தார். நடுவர் அவுட் இல்லை என்று தலையசைத்தும் அவர் நிற்கவில்லை. பெவிலியனை நோக்கி நடந்துவிட்டார். கிரிக்கெட்டில் அது இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படும் அதிசயம். பெயின்ட்பாலிலோ ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய அன்றாடக் கடமை.

பட்டதா இல்லையா என்பதில் குற்றாலச் சீசனுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சும். சாரல் காற்றில் ஓர் இரவு திறந்து வைத்த குண்டுகள் காலையில் ஊதிப்போயிருக்கும். ஒன்று குழலுக்குள்ளேயே உடைந்து அடைத்துக்கொள்ளும். இல்லையேல் தோல் தளர்ந்து, ஆள் மேல் பட்டாலும் உடையாமல் எகிறிவிடும். சுட்டவர் “பட்டுச்சு” என்பார், பட்டவர் “உடையல” என்பார். இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். சண்டை மட்டும் நிற்காது. மழைக்கால மைதானத்தில் குண்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதும் நேர்மையான ஆட்டத்தின் ஒரு பகுதிதான்.

எத்தனை முறை சுடலாம்?

அவுட்டான ஆளைத் தொடர்ந்து சுடுவதற்கு ‘ஓவர்ஷூட்டிங்’ என்று பெயர். இதில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. 30 மீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு குண்டுக்கு ஏறக்குறைய அரை வினாடி ஆகிறது. நவீன மின்னணு மார்க்கர்கள் வினாடிக்குப் பத்துக் குண்டுகளை எளிதாகச் சுடும். முதல் குண்டு பட்டு எதிராளி கை தூக்கும்போது, பின்னால் கிளம்பிய நான்கைந்து குண்டுகள் ஆகாயத்தில் வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைத் திருப்பிக் கூப்பிட முடியாது. இரண்டு மூன்று குண்டுகள் கூடுதலாக விழுவதை நடுவர்கள் பொறுத்துக்கொள்வது இந்தக் கணக்கினால்தான். கை உயர்ந்ததைப் பார்த்த பிறகும் விசையிலிருந்து விரலை எடுக்காவிட்டால், அதற்கு மன்னிப்பில்லை. தலையை மறைத்துக்கொண்டு மார்க்கரை மட்டும் டிரம்முக்கு மேல் நீட்டிக் கண்மூடித்தனமாகச் சுடுவதும் தடை செய்யப்பட்டது; எங்கே படுகிறது என்று பார்க்காமல் சுடுபவருக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது.

பக்கத்தில் போய்விட்டால்? மூன்றிலிருந்து ஆறு மீட்டருக்குள் எதிராளி சிக்கிக்கொண்டால், சுடுவதற்கு முன் ‘சரண்டர்’ என்று கேட்க வேண்டும் என்பது பல மைதானங்களின் வழக்கம். அவர் ஒப்புக்கொண்டால் ஒரு குண்டுகூடச் செலவில்லாமல் அவுட். முகத்துக்கு முகம் நின்று சுட்டால் தோல் கன்றிப்போகும், சில நேரம் ரத்தம் கட்டிவிடும் என்பதற்காக வந்த விதி.

தமிழனுக்கு இந்த விதி புதிதல்ல. ஐயனாரிதனார் இயற்றிய ‘புறப்பொருள் வெண்பாமாலை’யில் தழிஞ்சி என்றொரு துறை இருக்கிறது. தோற்றுப் புறங்காட்டி ஓடுபவர் மேல் ஆயுதத்தை ஓங்காமல் விடுவதை வீரத்தின் ஒரு வகையாகவே அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தத் தென்பாண்டிச் சீமையின் பழைய மன்னன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பற்றி நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அம்பு பொழிவதற்கு முன், பசுக்கள், பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளைப்பேறு இல்லாதவர் எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவிக்கும் அறநெறியை அது புகழ்கிறது. கம்பனின் ராமன், ஆயுதங்களை இழந்து வெறுங்கையோடு நின்ற ராவணனைக் கொல்லாமல் திருப்பி அனுப்பியதை நம் வீட்டுப் பாட்டிகள்கூடக் கதையாகச் சொல்வார்கள். சரண்டர் விதி நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு இங்கே ஏற்கெனவே ஒரு வீடு இருந்தது.

போர் வேடத்தின் நுணுக்கங்கள்

ராணுவ பாணி ஆட்டத்தில் சிக்கல் இன்னும் கூடும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் வையன்டாட் என்ற சிற்றூரில் 1997-ல் ‘ஓக்லஹோமா டி-டே’ என்ற ஆட்டம் தொடங்கியது. 1944 ஜூன் 6 நார்மண்டிப் படையிறக்கத்தை நினைவுகூரும் விதமாகப் பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடினார்கள். அவ்வளவு பேர் காடு முழுக்கச் சிதறி நிற்கும் இடத்தில் எத்தனை நடுவரைப் போட்டாலும் எல்லா மரத்துக்குப் பின்னாலும் ஒருவரை நிறுத்த முடியாது.

இவ்வகை ஆட்டங்களில் ‘மெடிக்’ என்ற பொறுப்பு உண்டு. சாயம் பட்டவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து காத்திருப்பார். மெடிக் வந்து தொட்டாலோ, சாயத்தைத் துடைத்துவிட்டாலோ மறுபடி உயிர் பெறுவார். குறித்த நேரத்துக்குள் மெடிக் வராவிட்டால் பின்வாங்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த நேரத்தை எண்ணுவது யார்? பட்டவரேதான். மனதுக்குள் அறுபது எண்ணுவதை முப்பதில் முடித்துக்கொண்டால் கேட்க ஆளில்லை.

இன்னொரு தந்திரம் உலகம் முழுக்க விவாதமாகிறது. சாயம் படாத ஒருவர், அவுட்டானவர்போல் மார்க்கரைத் தொங்கவிட்டு எதிரணி நடுவே சாவகாசமாக நடந்துபோய், பின்னாலிருந்து சுடுவார். ‘டெட் மேன்ஸ் வாக்’ என்று பெயர். கையைத் தூக்கவில்லை, ‘ஹிட்’ என்று சொல்லவில்லை, அவர்களாக ஏமாந்தார்கள் என்பது அதை ஆதரிப்பவர்கள் வாதம். சில மைதானங்கள் அனுமதிக்கின்றன, பல தடுக்கின்றன.

2019 மார்ச் 25-ஆம் தேதி ஜெய்ப்பூரில் நம் ரவிச்சந்திரன் அஸ்வின், பந்து வீசும் முன்பே கோட்டைத் தாண்டிய ஜாஸ் பட்லரை ரன் அவுட் செய்தபோது எழுந்த விவாதமும் இந்த ரகம்தான் என்று சிலர் ஒப்பிடுவார்கள். அந்த ஒப்பீடு சரியல்ல. அஸ்வின் விதிப்புத்தகத்தில் இருந்ததை எல்லோர் கண்முன்னும் செய்தார். 2022 அக்டோபரில் அந்த அவுட் ‘நியாயமற்ற ஆட்டம்’ என்ற பிரிவிலிருந்தே எடுக்கப்பட்டு ‘ரன் அவுட்’ பிரிவுக்கு மாற்றப்பட்டது. செத்தவன் நடையோ, அவுட்டான ஆளைச் சுடாமல் விடும் எதிரணியின் நேர்மையையே ஆயுதமாக்குகிறது. உண்மையான போரில் இதற்கு இணையானதைச் சர்வதேசச் சட்டம் வஞ்சகம் என்று பெயரிட்டுத் தடுக்கிறது: சரணடைவதுபோலவோ காயம்பட்டதுபோலவோ நடித்துக் கொல்வது 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறைப்படி குற்றம். ஒரு முறை ஏமாந்த அணி அடுத்த முறை கை தூக்கியவனையும் சந்தேகத்தோடு சுடும். அடி வாங்குவது உண்மையாகவே அவுட்டான அப்பாவி. ராணுவ பாணி ஆட்டம் நடத்துகிறவர்கள் இந்தத் தந்திரத்தை ஒரேயடியாகத் தடை செய்வதே நல்லது.

கவசத்தைக் கழற்றாதே

மற்ற விதிகளை மீறினால் சண்டை வரும். இதை மீறினால் கண் போகும். பெயின்ட்பாலில் பார்வை இழந்தவர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: காயம்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த நேரத்தில் முகக்கவசம் அணிந்திருக்கவில்லை. சாரல் காலத்தில் கவசத்தின் கண்ணாடியில் ஆவி படிந்து மங்கும். ஒரு நொடி தூக்கித் துடைத்துக்கொள்ளலாமே என்று கை தானாகப் போகும். போகக் கூடாது. கண் தெரியவில்லை என்றால் கையைத் தூக்கி ஆட்டத்தை விட்டு வெளியே வந்து, வலைக்கு அப்பால் போய்த்தான் கழற்ற வேண்டும். ஆவி படியாத இரட்டைக் கண்ணாடிக் கவசங்கள் கிடைக்கின்றன. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் தொழிற்கூடக் கண்ணாடியும் இந்த வேகத்துக்கு ஆகாது. ஆட்டத்துக்கு வெளியே மார்க்கரின் வாயில் துணி உறை மாட்டியிருக்க வேண்டும்.

தென்காசிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் யாராவது நாளை இப்படியொரு மைதானம் போட நினைத்தால் இன்னும் சிலவற்றை மனதில் வைக்க வேண்டும். மலையடிவாரத்து வனம் 2015-ல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் வருகிறது. அதற்குள் எந்த வேடிக்கைக்கும் இடமில்லை. அடுத்தது சீருடை. ராணுவ வீரர் என்று பிறர் நம்பும் நோக்கத்தோடு அவர்களின் உடையை அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி குற்றம். 2016 பதான்கோட் தாக்குதலுக்குப் பிறகு, ராணுவ நிறத்து உடைகளைப் பொதுமக்கள் அணிய வேண்டாம் என்று ராணுவமே கேட்டுக்கொண்டது. ராணுவ பாணி ஆட்டத்துக்கு இரு வண்ணக் கைப்பட்டைகளே போதும். மார்க்கரைப் பெட்டியில் பூட்டித்தான் எடுத்துச் செல்ல வேண்டும். புளியரைச் சோதனைச்சாவடியில் காரின் பின் இருக்கையில் துப்பாக்கி போன்ற ஒன்று தெரிந்தால், அது விளையாட்டுச் சாமான் என்று விளக்கும் வரை காவலர் என்ன நினைப்பார் என்று யோசித்தால் போதும்.

நம் நாட்டு மைதானங்களில் பெரும்பாலும் ஆளுக்கு முப்பது, நாற்பது குண்டுகள் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். ஆட்டம் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த அவசரத்தில் விதிகளை விளக்குவதற்கு இரண்டு நிமிடம்கூட ஒதுக்காத இடங்கள் உண்டு. ஆகவே அடுத்த முறை பிள்ளைகளையோ நண்பர்களையோ அழைத்துக்கொண்டு போகும்போது, மார்க்கரைக் கையில் வாங்குவதற்கு முன் கேளுங்கள்: “குரோனோ எங்கே? இன்றைக்கு எப்போது அளந்தீர்கள்? பட்டவர் என்ன செய்ய வேண்டும், சுட்டவர் எப்போது நிறுத்த வேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் சொல்வீர்களா?” பதில் வரவில்லை என்றால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.